கிளிப்பின் ஓரத்தில் இருந்த பெயர்

தனசேகர் பொய் சொல்கிறான். அந்தப் பெயரை அவன் ஒட்டவில்லை. அவனுடைய சாப்ட்வேரும் ஒட்டவில்லை, என்னுடைய சாப்ட்வேரும் ஒட்டவில்லை. அது வந்தபோது அவன் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தான், அவன் கையில் மயிர் எழுந்து நின்றதை நான் பார்த்தேன்.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், நான் பேய், ஆவி என்று எதையும் நம்புகிறவன் இல்லை. புதுச்சேரிப் பக்கம் பாகூர் கொம்யூனில் மைக்செட் போடுகிறவன் நான். ஸ்பீக்கரில் யாரோ முனகுகிறார்கள் என்று கல்யாண வீட்டிலிருந்தும் கோயிலிலிருந்தும் என்னைக் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், போய்ப் பார்த்தால் எர்த் சரியில்லாத ஆம்ப்ளிஃபயர் எங்கிருந்தோ ஒரு ரேடியோவை இழுத்துக்கொண்டிருக்கும். ஒரு இடத்தில் பூசாரியை வரவழைத்து எலுமிச்சம்பழம் எல்லாம் வெட்டிவிட்டார்கள், நான் போய் ஒரு ஒயரை மாற்றினேன், ஆவி போய்விட்டது. அப்படிப்பட்ட ஆள் நான். இப்போது நான் சொல்லப்போவதைக் கேட்டு நீங்கள் சிரிப்பீர்கள் என்று தெரியும். சிரித்துக்கொள்ளுங்கள், ஆனால் முழுக்கப் படித்துவிட்டுச் சிரியுங்கள்.

செலியமேட்டில் என் வீட்டுக்குப் பின்னால் ஒரு சின்ன ரூம் கட்டிப் பதிவு வேலையும் செய்கிறேன். சுவரெல்லாம் ஸ்பாஞ்ச், ஒரே ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே நெல். பாட்டுப் பதிவெல்லாம் பெரிதாக வராது. ஆட்டோவில் ஸ்பீக்கர் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகிற அறிவிப்புகள்தான் வேலை. சாவு அறிவிப்பு, தேர்த் திருவிழா, மாட்டுக்கு ஊசி போடும் முகாம், காணாமல் போன ஆடு. இவ்வளவுக்கும் ஒரே குரல்தான், சோரியாங்குப்பம் ஸ்டெல்லாவின் குரல். எனக்குத் தங்கச்சி மாதிரி, அதனால் அவள் என்றே எழுதுகிறேன். அவள் ஒரு ஊர்ப் பெயரைச் சொன்னால் அந்த ஊர்க்காரனுக்கே தன் ஊர் மேல் மரியாதை வந்துவிடும். செத்தவர் பெயரை அவள் வாசித்தால், பெரிதாக அழத் தோன்றாதவர்கள்கூட வாசலுக்கு வந்து நின்று கேட்பார்கள்.

அவளுக்குக் கல்யாணமாகி ரொம்ப வருஷம் பிள்ளை இல்லை. பிறகு ஒரு பெண் பிறந்தது. மாசமாக இருந்தபோதே கழுத்தில் ஒரு கட்டி தெரிந்திருக்கிறது, பிள்ளை பிறந்த சில மாதத்தில் ஆபரேஷன் செய்தார்கள். குரல் போகலாம் என்று முன்னமே சொல்லித்தான் செய்தார்கள், போய்விட்டது. இப்போது அவள் பேசினால் பழந்துணி கிழிகிற மாதிரி ஒரு காற்று மட்டும் வரும், பக்கத்தில் போய் நின்றால்தான் கேட்கும். இந்த அலைச்சலில் ஞானஸ்நானம் தள்ளிப்போனது. அதுவரை வீட்டில் பாப்பா, பாப்பா என்றுதான் கூப்பிட்டிருக்கிறார்கள். ஆபரேஷனுக்குப் பிறகுதான் கோயிலில் பெயர் வைத்தார்கள், ரோஸ்லின் என்று. அதாவது தான் பெற்ற பிள்ளையின் பெயரை அவள் தன் குரலில் ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

குரல் போனாலும் எங்கள் அறிவிப்புகள் நிற்கவில்லை. அவள் பல வருஷமாக வாசித்ததெல்லாம் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. பதிவு செய்த சத்தத்தைத் திறந்தால் திரையில் ஒரு நீளக் கட்டம் வரும், அதற்குள்ளே மேடும் பள்ளமுமாக அலை ஓடும். அதுதான் கிளிப். அதை வெட்டலாம், நகர்த்தலாம், இன்னொன்றோடு ஒட்டலாம். ஊர்ப் பெயர், கிழமை, 'மாலை நான்கு மணியளவில்' என்பதெல்லாம் தயாராக இருக்கும். செத்தவர் பெயர்தான் சிக்கல், அதற்கு முன்னால் செத்தவர்களின் பெயர்களை உடைத்துத்தான் எடுக்க வேண்டும். ஒரு கோவிந்தராஜிடமிருந்து பாதி, ஒரு பாக்கியம்மாளிடமிருந்து பாதி எடுத்தால் ஒரு கோவிந்தம்மாள் தயார். ஸ்டெல்லா சம்மதித்துத்தான் இதைச் செய்தோம், அவளுக்கும் அதில் பங்கு போனது.

தனசேகர் என் மனைவியின் தம்பி. வில்லியனூரில் இதே தொழில். அவன் ஒரு சாப்ட்வேர் வைத்திருக்கிறான், நான் ஒன்று வைத்திருக்கிறேன். பெயர் சொன்னால் அது வேறு சண்டையாகும், திரையின் நிறத்தை வைத்து என்னுடையது பச்சை, அவனுடையது சாம்பல் என்று வைத்துக்கொள்ளுங்கள். எது கிளிப் வேலைக்கு உசத்தி என்று நாங்கள் பந்தியில் உட்கார்ந்துகூடச் சண்டை போட்டிருக்கிறோம். பச்சையில் ஒவ்வொரு கிளிப்பின் தலையிலும் ஒரு சின்னப் பிடி இருக்கும், அதைப் பிடித்து ஏற்றினால் அந்த ஒரு கிளிப்பின் சத்தம் மட்டும் ஏறும், மற்றது எதுவும் அசையாது. இரண்டு கிளிப்பை ஒன்றின் மேல் ஒன்று லேசாக ஏற்றிவைத்தால் ஒட்டு தானே கரைந்துவிடும். சாம்பலில் நடுவில் ஒன்றை எடுத்துவிட்டால் பின்னால் இருப்பதெல்லாம் தானாக நெருங்கி வந்து இடத்தை அடைத்துக்கொள்ளும், இழுத்து நீட்டினாலும் குரலின் தடிமன் மாறாது. இந்த இரண்டு விஷயத்திலும் சாம்பல்தான் உசத்தி, ஒப்புக்கொள்கிறேன்.

இரண்டுக்கும் பொதுவாக ஒன்று உண்டு. வெட்டிய பகுதி அழியாது. கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தால் திரும்ப வெளியே வரும், வளர்கிற பிள்ளையின் பாவாடையில் மடித்துத் தைத்ததைப் பிரித்துவிடுகிற மாதிரி. ஆனால் துணி எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவுதான் வரும். பதிவு முடிந்த இடத்துக்கு மேல் இழுத்தால் பச்சையில் ஓரம் நின்றுவிடும், முளையில் கட்டிய மாடு கயிறு தீர்ந்ததும் நிற்கிற மாதிரி. சாம்பலில் நிற்காது, ஆனால் புதிதாக எதுவும் வராது, அதே பதிவு மறுபடி முதலிலிருந்து ஓடும். இதைப் படித்துவிட்டு மேலே போங்கள், விஷயமே இதில்தான் இருக்கிறது.

தீபாவளி கழிந்த மழை. ஏரி நிரம்பிக் கிடந்தது. மதியச் சாப்பாடு முடிந்த நேரம். வெயிலும் இருந்தது, மழையும் பெய்துகொண்டிருந்தது, கரண்ட் போய் இன்வெர்ட்டரில் ஓடிக்கொண்டிருந்தோம். நெல் மேல் பட்ட வெளிச்சம் ஜன்னல் வழியாக வந்து ரூமே பச்சையாக இருந்தது, தண்ணிக்கு அடியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி. தனசேகர் தன் சாம்பலின் புதுப் பதிப்பைக் காட்டி என்னை மட்டம் தட்டுவதற்காக லேப்டாப்போடு வந்திருந்தான். அப்போதுதான் ஸ்டெல்லா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு குடையோடு வந்தாள். பிள்ளை அப்போது தவழ்கிற வயசு. இறக்கிவிட்டதும் பாயில் கிடந்த மைக்கின் ஸ்பாஞ்ச் உறையை எடுத்துக் கடிக்க ஆரம்பித்தது.

அவள் என் காதருகே வந்து கேட்டாள், பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி அவள் குரலில் ஒன்று செய்து தர முடியுமா என்று. போனில் வைத்துக்கொள்வாளாம்.

தனசேகர் முந்திக்கொண்டான். இதெல்லாம் ஒரு வேலையா என்று சொல்லி, என் பதிவுகளைத் தன் லேப்டாப்பில் ஏற்றிச் சாம்பலைத் திறந்தான். நல்லவாட்டில் செத்துப்போன ஒரு ரோஸ்மேரி அம்மாளின் அறிவிப்பிலிருந்து முன்பாதி, இன்னொரு ஊரில் செத்துப்போன ஜாக்குலினிடமிருந்து பின்பாதி. நான் டீ ஊற்றுவதற்குள் முடித்துவிட்டான். போட்டுக் காட்டினான். ரோஸ்லின் என்றுதான் வந்தது. ஒட்டு தெரியவில்லை. ஆனால் சாவு அறிவிப்பின் குரல் அது, கடைசியில் கீழே இறங்கி நின்றுவிடும். அதைக் கேட்டால் ஒரு பிள்ளை ஓடி வராது.

எதிலிருந்து எடுத்தீர்கள் என்று ஸ்டெல்லா கேட்டாள். எனக்கு மறைத்துப் பேசத் தெரியாது, சொல்லிவிட்டேன். அவள் குனிந்து பிள்ளையின் இரண்டு காதையும் கையால் பொத்தினாள்.

தனசேகர் சிரித்தான். "இன்னாக்கா நீ, எழுத்து எல்லாம் ஒண்ணுதான. பத்திரிக அடிக்கிறவன் கல்யாணத்துக்கும் கருமாதிக்கும் ஒரே எழுத்துலதான் அடிக்கிறான்."

"செத்தவங்க பேர ஒடச்சி எம்புள்ளைக்கு ஒட்டாத தம்பி" என்றாள் அவள், அந்தக் காற்றுக் குரலில். "அவங்களையும் யாரோ ஆசயா கூப்ட்ட பேரு அது."

இத்தனை வருஷம் அந்த வேலையைச் செய்கிற எனக்கு அப்படித் தோன்றியதே இல்லை. சரி, சாவு அறிவிப்பு எதையும் தொட வேண்டாம், மற்றதில் தேடலாம் என்று நான் பச்சையில் உட்கார்ந்தேன். முகாம், திருவிழா என்று பார்த்துக்கொண்டே போய், காணாமல் போன ஆட்டு அறிவிப்பு ஒன்றில் நின்றேன். ஸ்டெல்லாவுக்குக் கல்யாணமாவதற்கு முன்னால் நல்ல கோடையில் பதிவு செய்தது. ஒரு காது வெள்ளையாக, கழுத்தில் மணி கட்டிய ஆடு. வாசித்து முடித்ததும் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அந்தச் சிரிப்பை அப்போது நான் வெட்டியிருந்தேன். சிரித்த குரலில் கொஞ்சம் மென்மை இருக்கும், ஏதாவது ஒரு எழுத்து தேறும் என்று நினைத்துக் கிளிப்பின் ஓரத்தைப் பிடித்து இழுத்தேன்.

சிரிப்பு வெளியே வந்தது. ஸ்டெல்லா தன் பழைய சிரிப்பைக் கேட்டுத் தானும் சத்தமில்லாமல் சிரித்தாள். சிரிப்பு முடிந்த இடத்தில் பதிவு முடிகிறது, ஓரம் அங்கே நிற்க வேண்டும்.

நிற்கவில்லை.

நம்பினால் நம்புங்கள், நான் இழுக்க இழுக்க அது வந்துகொண்டே இருந்தது, கனவில் ஒரு கதவைத் திறந்தால் நம் வீட்டில் இல்லாத இன்னொரு ரூம் இருக்குமே, அந்த மாதிரி. எனக்குப் பயம்கூட வரவில்லை, இழுக்கச் சுகமாக இருந்தது, அதுதான் உண்மை. அலையே இல்லாத நேர்கோடு. ஆனால் ஓடவிட்டுக் கேட்டால் அதில் மழை இருந்தது. வெளியேயும் மழை பெய்வதால் எது எந்த மழை என்று புரியவில்லை, நான் ஸ்பீக்கரை அணைத்துப் பார்த்தேன், பாதி மழை நின்றது. திரும்பப் போட்டேன், திரும்ப வந்தது. கோடையில் செய்த பதிவு அது.

பிறகு அந்தக் குரல் வந்தது. "ரோஸ்லின்." கொஞ்சம் இடைவெளி விட்டு மறுபடியும், இந்தத் தடவை நீட்டி, "ரோஸ்லீ...ன்."

ஸ்டெல்லாவின் குரல்தான். ஆனால் அறிவிப்புக் குரல் இல்லை. தெருவில் விளையாடுகிற பிள்ளையைத் தோட்டத்துப் பக்கமிருந்து சாப்பிடக் கூப்பிடுவார்களே, அந்தக் குரல். பெயரின் கடைசி மேலே ஏறிப்போய் அங்கேயே நின்றது. என்னிடம் இருக்கிற எந்தப் பதிவிலும் அவள் யாரையும் அப்படிக் கூப்பிட்டதில்லை, மைக் முன்னால் யாரும் யாரையும் அப்படிக் கூப்பிட மாட்டார்கள்.

பிள்ளை ஸ்பாஞ்சைக் கீழே போட்டது. சத்தம் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது, ஸ்பீக்கர் சுவரில் மேலே இருக்கிறது. பிள்ளை அங்கே பார்க்கவில்லை. தன் அம்மாவின் வாயைப் பார்த்தது. மூடியிருந்த அந்த வாயைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு, பாயைத் தாண்டித் தவழ்ந்து போய் அவள் மடியில் ஏறியது.

"மாமா, நீ எதுனா பண்ணியா?" என்றான் தனசேகர். அவன் குரல் இறங்கிவிட்டது.

"என் கை மவுஸ்மேலதான்டா கீது, பாத்துக்கினுதான இருந்த" என்றேன்.

அவன் அந்த ஃபைலைப் பென் டிரைவில் எடுத்துத் தன் சாம்பலில் போட்டான். அங்கே ஓரத்தை நீட்டினால் சிரிப்பு முடிந்ததும் 'பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு' என்று ஆட்டுக் கதை முதலிலிருந்து வர வேண்டும். வரவில்லை. அதே சிரிப்பு, அதே மழை, அதே கூப்பிடல். இரண்டு சாப்ட்வேருக்கும் வருஷக்கணக்கில் சண்டை போட்டோம், அன்றைக்கு இரண்டும் ஒரே மாதிரி நடந்துகொண்டன. அவன் அங்கிருந்தே அதைத் தனி ஃபைலாக எடுத்து ஸ்டெல்லாவின் போனுக்கும் எனக்கும் அனுப்பினான். பெயருக்குப் பின்னால் கடைசியில் லேசாக என்னவோ ஒரு சத்தம் இருந்தது. அவன் குருவி என்றான், நான் நாற்காலி என்றேன், அதோடு விட்டுவிட்டோம்.

அவள் போன பிறகு நான் மறுபடி இழுத்துப் பார்த்தேன். சிரிப்பு முடிந்த இடத்தில் ஓரம் நின்றுவிட்டது, அதற்கு மேல் ஒரு மயிரிழை நகரவில்லை. சாம்பலில் ஆட்டுக் கதைதான் திரும்ப வந்தது. எடுத்து வைத்த அந்தத் தனி ஃபைல் மட்டும்தான் மிச்சம்.

அதற்குப் பிறகு ஸ்டெல்லா முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். போனை இடுப்பில் செருகிக்கொண்டிருப்பாள், சோறு ஊட்டும் நேரம் வந்தால் அதை ஓடவிடுவாள், பிள்ளை எங்கே இருந்தாலும் வந்துவிடும். பால்காரர்கூட நின்று பார்த்துவிட்டுப் போவாராம்.

இதைத்தான் தனசேகர் கெடுத்தான். எங்கள் சவுண்டு சர்வீஸ்காரர்கள் எல்லாரும் இருக்கிற வாட்ஸ்அப் குழுவில் ஒரு நாள் எந்த சாப்ட்வேரில் கிளிப் வேலை நன்றாக வரும் என்று பேச்சு கிளம்பியது. அவன் இந்தப் பெயரை எடுத்துப் போட்டு, 'சாம்பலில் நான் துண்டு துண்டாக ஒட்டினது, முடிந்தால் ஒட்டைக் கண்டுபிடியுங்கள்' என்று எழுதினான். எவனாலும் கண்டுபிடிக்க முடியவில்லை. எப்படி முடியும், இருந்தால்தானே. எல்லாரும் அவனைப் புகழ்ந்தார்கள், சொல்லிக்கொடு என்று கேட்டார்கள். குழுவில் இருக்கிற ஸ்டெல்லாவின் மைத்துனன் வழியாக விஷயம் அவளுக்குப் போய், அவள் இவனிடமே மெசேஜ் போட்டுக் கேட்டிருக்கிறாள். ஆமாம் அக்கா, ஒட்டினதுதான் என்று இவன் பதில் போட்டிருக்கிறான்.

அவள் அன்றைக்கே அதைப் போனிலிருந்து அழித்துவிட்டாள். நான் அவள் வீட்டுக்குப் போய் அடித்துச் சொன்னேன், நீயும்தானே இருந்தாய், நீயும்தானே கேட்டாய் என்றேன். அவள் கேட்கவில்லை. "நான் ஆசப்பட்டேன்னு நீங்க ரெண்டு பேரும் சேந்து பண்ணிட்டீங்க ண்ணா" என்றாள். "செத்தவங்க சத்தத்த தெனம் எம்புள்ள காதுல ஊதி வச்சிட்டேன்." இப்போது அவள் பிள்ளையைக் கை தட்டித்தான் கூப்பிடுகிறாள்.

தனசேகரைப் போனில் பிடித்துக் கேட்டேன். "இன்னா மாமா சொல்லச் சொல்ற? தானா வந்துச்சின்னா எவன் நமக்கு வேல குடுப்பான்? லூசுன்னுவானுங்க. வுடு" என்றான். விட்டுத் தொலைக்கலாம் என்றுதான் நானும் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன்.

போன வாரம் சோரியாங்குப்பத்தில் ஒரு விசேஷத்துக்கு ஸ்பீக்கர் கட்டப் போனேன், ஸ்டெல்லாவின் வீட்டுக்கு எதிரில். பிள்ளை இப்போது நன்றாக நடக்கிறது, பேச ஆரம்பித்துவிட்டது. ஸ்டெல்லா வாசலில் நின்று இரண்டு தட்டு தட்டினாள். வீட்டுக்குப் பின்னாலிருந்து பிள்ளை பதில் கொடுத்தது, "இன்னாம்மா" என்று. முதல் எழுத்தை விழுங்கிவிட்டு, கடைசியைக் கொஞ்சம் சலிப்பாக இழுத்து. ஒயர்ச் சுருளை அப்படியே வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். அந்த இழுவையை எங்கேயோ கேட்டிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து என்னிடம் இருந்த அந்த முழு ஃபைலைப் பச்சையில் திறந்தேன். பெயருக்குப் பின்னால் இருந்த கடைசித் துண்டை மட்டும் தனியாக வெட்டி, அதன் தலையில் இருக்கிற பிடியைப் பிடித்துச் சத்தத்தை மேலே ஏற்றினேன். குருவி இல்லை. நாற்காலியும் இல்லை. மழைக்கு அந்தப் பக்கம், தூரத்தில், ஒரு பிள்ளை முதல் எழுத்தை விழுங்கிவிட்டு "இன்னாம்மா" என்கிறது. நாங்கள் அந்த ஃபைலை எடுத்த அன்று ரோஸ்லின் தவழ்ந்துகொண்டிருந்தாள், வாயில் ஒரு சொல் கிடையாது. அந்த ஆடு காணாமல் போனபோது அவள் பிறக்கவே இல்லை.

எனக்கு இதற்கு விளக்கம் தெரியாது, தெரிந்த மாதிரி பேசவும் மாட்டேன். ஸ்டெல்லாவிடம் கொண்டுபோனேன், போனைக் கையால் வாங்கவே மறுத்துவிட்டாள். இதுவும் ஒட்டினதாக இருக்கும் என்கிறாள். நான் சொன்னால் ஆறுதலுக்குச் சொல்கிறேன் என்று நினைக்கிறாள். ஒட்டினேன் என்று சொன்னவன் வாயால் வந்தால்தான் அவள் நம்புவாள்.

அதனால் தனசேகர், உன்னைத்தான் கேட்கிறேன். நீ குழுவில் போட்ட ஃபைலை இப்போதுதான் கவனமாகக் கேட்டேன். அது பெயரோடு நின்றுவிடுகிறது. பின்னால் இருந்த துண்டு அதில் இல்லை, அதுவும் சும்மா வெட்டவில்லை, மழை மெல்ல அடங்குகிற மாதிரி அழகாகத் தேய்த்து முடித்திருக்கிறாய். ஒரு குருவிச் சத்தத்துக்கு எவனும் இவ்வளவு மெனக்கெட மாட்டான். உன் சாம்பலைத் திறந்து குழுவில் எல்லாருக்கும் காட்டு, எந்தத் துண்டு யாருடைய சாவிலிருந்து எடுத்தது என்று காட்டு. காட்ட முடியாவிட்டால், 'நான் ஒட்டவில்லை' என்று அதே குழுவில் உன் சொந்தக் குரலில் பேசிப் போடு. எனக்குத் தனியாகப் போன் பண்ணாதே, என் வீட்டில் இருக்கிற உன் அக்காளை விட்டுச் சமாதானம் பேசாதே. ஸ்டெல்லாவின் மைத்துனன் அந்தக் குழுவில்தான் இருக்கிறான், அவள் காதுக்குப் போகட்டும். அப்படியே அந்தக் கடைசித் துண்டில் நீ என்ன கேட்டாய், ஏன் வெட்டினாய் என்பதையும் எல்லாருக்கும் முன்னால் சொல்.